சூடான பால் கேக்கா, வெண்ணெய்க் கேக்கா, ஸ்பாஞ்சா: வீட்டில் எதைச் சுடுவது?

விருந்தினர் பத்துப் பேர் வரவிருக்கும் ஒரு மாலைக்குக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே கேக் சுடுவது என்று முடிவு செய்தவர், எந்தச் சுவை என்று யோசிப்பதற்கு முன் எந்த முறை என்று யோசிப்பது நல்லது. வெனிலாவா ஏலக்காயா என்பதைக் கடைசி நிமிடத்தில்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெண்ணெயைச் சர்க்கரையோடு குழைத்துத் தொடங்குவதா, முட்டையை நுரைக்க அடித்துத் தொடங்குவதா, பாலைக் காய்ச்சி ஊற்றுவதா என்பது வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் வேளையிலேயே தீர்ந்துவிட வேண்டியது. அடுப்பங்கரையின் வெப்பம், கையிலிருக்கும் கருவி, கேக் எத்தனை நாள் இருக்க வேண்டும், மேலே கிரீம் பூசப்போகிறோமா வெறுமனே வெட்டிக் கொடுக்கப்போகிறோமா என்பவையெல்லாம் அந்த முடிவோடு பிணைந்தவை.

இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று: அமெரிக்க வீடுகளில் பாட்டிமார் காலத்திலிருந்து சுடப்பட்டுவரும் சூடான பால் கேக், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பலர் சிறு வயதிலிருந்தே அறிந்த வெண்ணெய்க் கேக், முட்டை நுரையை மட்டுமே நம்பி எழும் ஸ்பாஞ்ச் கேக். என் சாய்வு முதலாவதன் பக்கம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அது எல்லா வேலைக்கும் உதவுவதில்லை. உதவாத இடங்களைச் சொல்லாமல் விட்டால் இது ஒப்பீடாக இராது, புகழ்ச்சியாகிவிடும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 'மில்க் கேக்' என்ற பெயரில் இனிப்புக் கடைகளில் விற்பது, பாலைச் சுண்டக் காய்ச்சித் திரித்துச் செய்யும் வட இந்திய இனிப்பு. அதற்கும் அவனில் சுடும் கேக்குக்கும் தொடர்பில்லை. பேக்கரிகளில் சிறு கிண்ணத்தில் பாலில் ஊறியபடி வரும் கேக்கோ லத்தீன் அமெரிக்காவின் மூன்று பால் கேக்கின் வழிவந்தது. அதில் சுட்டு முடித்த பிறகே பாலை ஊற்றுகிறார்கள். நாம் பேசும் கேக்கில், வெண்ணெய் கரைந்த சூடான பால் சுடுவதற்கு முன்பே மாவுக் கலவைக்குள் போய்விடுகிறது. ஆறிய பின் வெட்டிப் பார்த்தால் மஞ்சள் சாயலோடு, நெருக்கமான சிறு துளைகளோடு, தொட்டால் மெல்ல எழும்பும் எளிய கேக்காக இருக்கும். அதில் பால் இருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நாக்கில் கடைசியாக எஞ்சும் ஒரு மெல்லிய பால்வாசம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

இந்த முறை எப்படி உருவாயிற்று என்பதைக் கொஞ்சம் பார்த்தால், எதற்காக உருவாயிற்று என்பதும் விளங்கும். பழைய ஸ்பாஞ்ச் கேக்கில் கேக்கை எழுப்பும் வேலை முழுவதும் முட்டையுடையது. அதனால் முட்டை ஏராளமாகத் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேக்கிங் பவுடர் அமெரிக்கச் சமையலறைகளில் சாதாரணப் பொருளானதும், முட்டையைக் குறைத்து, குறைந்த ஈரத்தைத் தண்ணீராலோ பாலாலோ ஈடுகட்ட முடிந்தது. ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் பள்ளி நூலின் 1918ஆம் ஆண்டுப் பதிப்பில் வெந்நீர் ஸ்பாஞ்ச் கேக் என்றொரு குறிப்பு இருக்கிறது: 2 முட்டைக்கு ஒரு கோப்பை சர்க்கரை, ஒரு கோப்பை மாவு, பேக்கிங் பவுடர், அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவாக வெந்நீர் அல்லது பால். வெண்ணெய் அதில் இல்லை. முட்டையின் மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியே அடிக்கச் சொல்கிறது. இன்று வழங்கும் சூடான பால் கேக்கில் முட்டையை முழுதாகவே அடிக்கிறோம், வெண்ணெயும் சேர்ந்துவிட்டது. ஆக, சிக்கனத்துக்காகப் பிறந்து பின்னர் கொஞ்சம் வசதி கண்ட கேக் இது.

பாலைக் காய்ச்சுவதற்கு அக்காலத்தில் இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பெருநகரங்களுள் பாலைக் கிருமிநீக்கம் செய்தே விற்க வேண்டும் என்று முதலில் கட்டாயமாக்கியது சிகாகோ, அதுவே 1908இல்தான். அதற்கு முன்னும் பிற ஊர்களில் அதற்குப் பின்னும் பச்சைப் பால் வீட்டுக்கு வந்த காலத்தில், அதைச் சூடாக்கிப் பயன்படுத்துவது முன்னெச்சரிக்கையும் ஆகும். பாக்கெட்டை வெட்டியதும் அடுப்பில் வைப்பதே வழக்கமாகிவிட்ட நம் வீடுகளில் இந்தக் கேக்குக்கென்று தனியாக ஒரு வேலை கூடுவதில்லை என்பது சிறு விஷயம்தான். ஆனால் காலையில் காப்பிக்குக் காய்ச்சும் பாலிலேயே ஒரு கோப்பை எடுத்துவைத்தால் போதும் என்கிற நிம்மதியை நான் குறைத்து மதிப்பதில்லை.

இதைப் போர்க்காலக் கேக் என்று பலரும் அழைக்கிறார்கள். அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனமாகவே ஏற்க வேண்டும். அமெரிக்காவில் 1942 மே மாதம் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது, 1943 மார்ச்சில் வெண்ணெய்க்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு வாரம் அரைப் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 225 கிராம் சர்க்கரைதான். முழு அளவுச் சூடான பால் கேக்குக்கு 400 கிராம் சர்க்கரை போகிறது. கிட்டத்தட்ட இருவரின் ஒரு வாரப் பங்கு. எனவே இது வெண்ணெயை மிச்சப்படுத்தியது, சர்க்கரையை அல்ல. இன்று இதைத் தேர்ந்தெடுப்பவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே: கொழுப்பில் இலேசானது, இனிப்பில் இலேசானதன்று.

அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அமெரிக்க வீடுகளில் பரவலாக வழங்கும் முழு அளவு, கிராமில் சொன்னால், ஓடு நீக்கிய முட்டை 200, சர்க்கரை 400, மாவு 250, பால் 240, வெண்ணெய் 113, அவற்றோடு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா எசென்ஸ். மொத்தக் கலவை ஏறத்தாழ 1200 கிராம். அதில் வெண்ணெய் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, சர்க்கரையோ மூன்றில் ஒரு பங்கு. வெண்ணெய்க் கேக்கின் பழைய கணக்கு வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு நான்கும் சம எடை என்பது. 225 கிராம் வீதம் போட்டால் 900 கிராம் கலவையில் வெண்ணெய் நான்கில் ஒரு பங்கு, சர்க்கரையும் நான்கில் ஒரு பங்கு. பாதி வெண்ணெயைக் கொண்டு அதைவிடப் பெரிய கேக்கைச் சூடான பால் முறை தருகிறது என்பதும், துண்டுக்குத் துண்டு அது கூடுதலாக இனிக்கிறது என்பதும் ஒருசேர உண்மை. சர்க்கரையை 300 கிராமாகக் குறைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். நம் நாக்குக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது, கேக்கின் உருவமும் கெடவில்லை. அதற்கும் கீழே இறங்கினால் முட்டை நுரை உறுதியாக நிற்பதில்லை, மறுநாளே துண்டு வறண்டுவிடுகிறது.

இனி வெண்ணெய்க் கேக். சுவை ஒன்றே அளவுகோல் என்றால் போட்டியில் வெல்வது இதுதான். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் சுடப்படும் பட்டர் கேக்கைச் சாப்பிட்டு வளர்ந்தவரிடம் வேறு எந்தக் கேக்கைக் கொடுத்தாலும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் அதனோடுதான் ஒப்பிடுவார். அந்தச் செறிவும், வாயில் வைத்ததும் வெண்ணெய் விரியும் விதமும் சூடான பால் கேக்கில் வராது. வரும் என்று சொல்பவர் வெண்ணெய்க் கேக்கைச் சரியாகச் சாப்பிட்டதில்லை.

ஆனால் அந்தக் கேக் முழுக்க முழுக்க ஒரு வெப்பநிலையை நம்பியிருக்கிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைக்கும்போது சர்க்கரைப் பரல்கள் வெண்ணெயில் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பின்னர் அவனில் விரிந்து கேக்கை எழுப்புவது அந்தக் காற்றே. வெண்ணெய் வளையவும் வேண்டும், உருகவும் கூடாது. அதற்கேற்ற வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை. குளிர்நாட்டுக் குறிப்புகள் 'அறை வெப்பநிலையில் வெண்ணெய்' என்று எழுதும்போது அந்த அறையைத்தான் சொல்கின்றன. சித்திரை வைகாசியில் சென்னையிலோ திருச்சியிலோ பிற்பகல் அடுப்பங்கரை 35 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, வெளியே வைத்த வெண்ணெய் பத்து நிமிடம் கெட்டியாக இருக்கிறது, அடுத்த பத்து நிமிடத்தில் பளபளத்து எண்ணெய் விடத் தொடங்குகிறது. எண்ணெய் விட்ட வெண்ணெயில் எவ்வளவு அடித்தாலும் காற்று தங்காது. மேலே குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துபோகும். மாவைப் போட்டுச் சமாளித்துச் சுட்டால், அடியில் களிபோல் ஒரு பட்டையும் மேலே பிசுக்கும் கொண்ட கேக் கிடைக்கும். நான் வெண்ணெய்க் கேக்கில் தோற்ற நாள்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை கோடையில்தான். குளிரூட்டிய அறையில் குழைத்தும், கிண்ணத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் இடையிடையே வைத்தெடுத்தும் இதைச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களது பொறுமை எனக்கு இல்லை.

சூடான பால் முறையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அதில் வெண்ணெயை எப்படியும் உருக்கத்தான் போகிறோம். ஆகவே அது குளிர்பெட்டியிலிருந்து கல்லாக வந்தாலும் சரி, மேசைமேல் உருகிக் கிடந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். காற்றைப் பிடித்துவைக்கும் பொறுப்பு வெண்ணெயிலிருந்து முட்டைக்கும் பேக்கிங் பவுடருக்கும் மாறிவிடுகிறது. முட்டை நுரைக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு நல்லதே தவிரக் கெடுதலன்று. ஆக, வெண்ணெய்க் கேக்கைக் கெடுக்கும் அதே கோடை இந்தக் கேக்குக்கு இடைஞ்சல் செய்வதில்லை. குளிரான ஊர்களில் பிறந்த ஒரு முறை வெக்கையான ஊர்களுக்கு இவ்வளவு ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய தற்செயல்.

செய்முறையை வரிசையாகச் சொன்னால் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். முதலில் டின்னில் வெண்ணெய் தடவி மாவு தூவியோ அடியில் பட்டர் பேப்பர் போட்டோ வைத்துவிட்டு, அவனை 175 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். முட்டையைச் சர்க்கரையோடு சேர்த்து, நிறம் வெளுத்து, பீட்டரைத் தூக்கினால் வழிவது நாடாபோல் மேலே ஒரு கணம் தங்கி மறையும் வரை, மின்சாரப் பீட்டரில் 5 நிமிடம் அளவுக்கு அடிக்க வேண்டும். அடித்து முடியும் வேளையில் பாலும் வெண்ணெயும் ஒரு சிறு பாத்திரத்தில் ஓரங்களில் குமிழி கட்டும் நிலைக்கு வந்திருக்க வேண்டும், பொங்கக் கூடாது. மாவை நுரையில் இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்துக் கலந்து, பின் பாலைச் சூடு ஆறுவதற்குள் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலந்து, எசென்ஸ் விட்டு, உடனே டின்னில் ஊற்றி அவனுக்குள் வைத்துவிட வேண்டும். கலவை தோசை மாவைவிடவும் தளர்வாக இருக்கும்; முதல் தடவை செய்பவர் பயந்து மாவைக் கூட்டிவிடுவது வழக்கம், கூட்டக் கூடாது. காய்ச்சிய பாலில் ஆடை படிந்திருந்தால் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். அது கேக்கில் கரையாமல் சிறு சிறு துணுக்காக நிற்கும்.

சூடான பால் உள்ளே என்னதான் செய்கிறது? கொதிக்கும் பால் மாவை உள்ளேயே வேகவைத்துவிடுகிறது, அதனால்தான் கேக் ஈரமாக இருக்கிறது என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. 75 டிகிரியில் இருக்கும் 350 கிராம் பாலும் வெண்ணெயும் 28 டிகிரியில் இருக்கும் 850 கிராம் கலவையில் சேர்ந்தால், மொத்தமும் ஏறக்குறைய 45 டிகிரியில்தான் வந்து நிற்கும். கோதுமை மாவின் மாப்பொருள் உப்பிக் குழையத் தொடங்குவதே 50 டிகிரிக்கு மேல்தான். முட்டை வெள்ளை இறுகுவது 60 டிகிரிக்கு மேல். ஊற்றும் தாரை படும் இடத்தில் ஏதேனும் நிகழலாம், கலவை முழுவதும் அல்ல. இதே கணக்குத்தான் முட்டை ஏன் பொரியாமல் தப்புகிறது என்பதற்கும் விடை: முட்டையைச் சர்க்கரையும் மாவும் சூழ்ந்த பிறகே சூடான பால் வருகிறது. வரிசையை மாற்றி வெறும் முட்டையில் பாலை ஊற்றுபவருக்கு இனிப்பான முட்டைப்பொரியல் கிடைக்கக்கூடும்.

என் கணிப்பில் சூட்டின் பயன் வேறு. உருகிய வெண்ணெய் குளிர்ந்த கலவையில் பட்டால் உறைந்து கட்டியாகி அடியில் இறங்கிவிடும். சூடான பாலோடு வந்தால் நீர்த்த நிலையிலேயே கலவை முழுவதும் சீராகப் பரவுகிறது. நுரையில் கரையாமல் மிஞ்சிய சர்க்கரையும் கரைந்துவிடுகிறது. கலவை ஏற்கெனவே வெதுவெதுப்பாக அவனுக்குள் போவதால் விரைவில் எழும்பி விரைவில் இறுகுகிறது. அந்தச் சூட்டிலேயே பேக்கிங் பவுடரும் வேலையைத் தொடங்கிவிடுவதால், கலந்த பிறகு காத்திருக்கவைத்தால் நட்டம் நமக்கே. தொலைபேசியில் ஒரு கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து சுட்ட என் கேக் ஒன்று, உயரத்தில் சப்பாத்தியோடு போட்டியிட்டது.

ஸ்பாஞ்ச் கேக்கை மூன்றாவதாக வைக்கிறேன். அது தாழ்ந்தது என்பதால் அல்ல. அது ஒரு பகுதி மட்டுமே, முழுக் கேக் அல்ல என்பதால். முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துச் சூடாக்கி அடித்து, பேக்கிங் பவுடர் இல்லாமல் செய்யும் ஜெனுவாஸ் வகையில், 4 முட்டைக்கு 120 கிராம் சர்க்கரையும் 120 கிராம் மாவும் கொஞ்சம் உருக்கிய வெண்ணெயும்தான். இனிப்பு குறைவு, இலேசு, தேர்ந்த கைக்கு மிக அழகான கேக். ஆனால் தனியாகச் சாப்பிட்டால் தொண்டையை அடைக்கும். சர்க்கரைப்பாகு தெளித்து, கிரீமோ பழமோ வைத்து அடுக்கும்போதுதான் முழுமை பெறும். மாவைச் சேர்க்கும்போது கை கொஞ்சம் அழுந்தினாலே நுரை அடங்கிவிடும். காப்பாற்றப் பேக்கிங் பவுடரும் இல்லை. சூடான பால் கேக்கில் அதே தவறைச் செய்தால் கேக் ஒரு விரல் குறைவாக எழும்பும், அவ்வளவுதான். முதன்முதலாகச் சுடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிது. கிரீம் வைத்த அடுக்குக் கேக், சுருட்டிய ரோல் போன்றவற்றுக்கு மட்டும் நான் தயங்காமல் ஸ்பாஞ்சையே சொல்வேன். வெண்ணெய்க் கேக்கைச் சுருட்டினால் பிளந்துபோகும், சூடான பால் கேக்கும் பெரும்பாலும் அப்படியே. எண்ணெயில் செய்யும் ஷிஃபான் கேக் 1920களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி பேக்கர் கண்டுபிடித்தது. மென்மையில் அதற்கு இணையில்லை. ஆனால் அதற்கென நடுவில் குழலுள்ள டின்னும், சுட்டபின் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைக்க இடமும், முட்டை வெள்ளையைப் பிரித்தடிக்கும் பொறுமையும் வேண்டும். எப்போதாவது ஒரு கேக் சுடும் வீட்டுக்கு அது அதிகம்.

சூடான பால் கேக்கைத் தேர்ந்த பின்னும் இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது, ஏனெனில் அதிலேயே இரண்டு வழிகள் உண்டு. பழைய குறிப்புகளில் 2 முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய்தான். அதாவது முழு அளவுக்கு 28 கிராம். பிற்காலக் குறிப்புகளில் அது 113 கிராம், நான்கு மடங்கு. முன்னது ஸ்பாஞ்சுக்கு நெருக்கமானது. குறுக்கே வெட்டி நடுவில் கஸ்டர்டு வைத்து மேலே சாக்லெட் பூசும் பாஸ்டன் கிரீம் பைக்கும், நறுக்கிய பழமும் கிரீமும் வைத்துப் பரிமாறுவதற்கும் அதுவே ஏற்றது, ஏனென்றால் அது சாற்றை உறிஞ்சும், இடிந்து விழாது. பின்னது தேநீரோடு வெறுமனே சாப்பிடுவதற்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடித்து எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்துச் சுட்டால், இரண்டுக்கும் ஆகாத கேக் வருகிறது என்பதுதான் என் அனுபவம்.

பிறந்தநாளுக்கு மேலே கெட்டியான ஐசிங் பூசி, அலங்காரம் வைத்து, இரண்டு மூன்று அடுக்காக எழுப்பப் போகிறீர்கள் என்றால் வெண்ணெய்க் கேக்கையே தேர்ந்தெடுப்பது நல்லது. பாரத்தைத் தாங்கும், வெட்டினால் ஓரம் கூராக நிற்கும். வெண்ணெய் அதிகமுள்ள சூடான பால் கேக் ஓர் அடுக்கும் மெல்லிய பூச்சும் தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் கீழடுக்கு அமுங்குகிறது. பயணத்தில் எடுத்துச் செல்வதற்கும் வெண்ணெய்க் கேக்தான் உறுதி. பத்துப் பதினைந்து பேருக்கு டின்னிலிருந்தே சதுரமாக வெட்டிக் கொடுக்கும் கூட்டத்துக்கு, அரை மணி நேர முன்னறிவிப்பில் வந்துவிட்ட உறவினருக்கு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு என்றால் சூடான பால் கேக்குக்கு நிகரில்லை. வெண்ணெய் இளகக் காத்திருக்க வேண்டியதில்லை. கையை வைத்ததிலிருந்து அவனுக்குள் வைப்பது வரை 20 நிமிடம் போதும்.

டின்னையும் அவனையும் பற்றி ஒரு நடைமுறைச் சிக்கல். முழு அளவுக்கு அமெரிக்கக் குறிப்புகள் சொல்வது 9க்கு 13 அங்குலச் செவ்வக டின், 30 முதல் 35 நிமிடம். நடுவில் குழலுள்ள வட்ட டின் என்றால் 50 நிமிடம் வரை. நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஓடிஜி அவன்களுக்குள் அந்தச் செவ்வக டின் நுழையாது. அங்கே எல்லா அளவையும் சரிபாதியாக்கி 8 அங்குல வட்ட டின்னில் சுமார் 30 நிமிடம் சுடுவதுதான் விவேகம். இரண்டு டின்னில் பிரித்து ஒன்றைக் காக்கவைத்தால், முன்னே சொன்னதுபோல் இரண்டாவது எழும்பாது. குக்கரில் காஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு உப்பு பரப்பிச் சுடுபவர்களுக்கும் இந்தப் பாதி அளவு ஒத்துவருகிறது. மேல்புறம் பொன்னிறமாகாது, வெந்திருக்கும். செறிவான வெண்ணெய்க் கேக்கை அதே குக்கரில் வைத்தால் நடு வேகும் முன் அடி கருகிவிடுகிறது.

அளவுகளை மாற்றும்போது ஏமாற்றுவது முட்டை. அமெரிக்கப் பெரிய முட்டை ஓட்டோடு சராசரி 57 கிராம். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடச் சிறிது. எண்ணிக்கையை விட்டு எடையைப் பார்த்து, ஓடு நீக்கி 200 கிராம் என்று எடுத்தால் சிக்கலில்லை. நம் சர்க்கரை பருவெட்டாக இருப்பதால் முட்டையில் கரைய நேரமாகும். மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் போதும், மாவுபோல் பொடிக்க வேண்டியதில்லை. பாக்கெட் வெண்ணெய் உப்பிட்டதாக இருந்தால் உப்பை விட்டுவிட வேண்டும். மாவு என்று நான் சொல்வது மைதா. கோதுமை மாவை முழுதும் மாற்றிப் போட்டால் இந்தக் கேக்கின் மென்மை போய்விடும், நான்கில் ஒரு பங்கு வரை தாங்குகிறது. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பேக்கிங் பவுடர் டப்பா திறந்து சில மாதத்திலேயே சக்தி இழக்கும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பொங்குகிறதா என்று பார்த்துவிடுவது, கேக்கைச் சுட்டபின் வருந்துவதைவிட மலிவு. பால் கொழுப்பு நீக்காததாக இருக்கட்டும்; கொழுப்பு நீக்கிய பாலில் செய்தால் கேக் வரும், அதன் பெயருக்குரிய வாசம் வராது.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு இந்த மூன்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடான பால் கேக்கின் எலும்புக்கூடே முட்டைதான். தயிரும் சோடாவும் போட்டு அதைச் 'சரிசெய்த' குறிப்புகளில் கிடைப்பது வேறொரு கேக், அதற்கு அந்தப் பெயர் தேவையில்லை. கண்டென்ஸ்டு மில்க்கில் செய்யும் நம்மூர் முட்டையில்லாக் கேக்கோ, அமெரிக்காவிலேயே பொருளாதாரப் பெருமந்தக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் வினிகரும் சோடாவும் சேர்த்த சாக்லெட் கேக்கோ நேர்மையான தேர்வுகள்.

மிச்சம் வைப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்ணெய்க் கேக் சுட்ட மறுநாள்தான் சுவை கூடும், காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் நிற்கும். ஆனால் குளிர்பெட்டியில் வைத்தால் வெண்ணெய் உறைந்து செங்கல்லாகும், சாப்பிடும் முன் ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். வெறும் ஸ்பாஞ்ச் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டியது. சூடான பால் கேக் வெளியே இரண்டு நாள் நன்றாக இருக்கும். ஈரமும் பாலும் உள்ளதால் நம் வெக்கையில் மூன்றாம் நாளுக்குக் குளிர்பெட்டிக்குப் போவதே பாதுகாப்பு. வெண்ணெய் குறைவென்பதால் அங்கே அவ்வளவாக இறுகுவதும் இல்லை. மூன்றாம் நாள் காலை, எஞ்சிய துண்டுகளை ஒரு விரற்கடை கனத்தில் அரிந்து, தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து நெய் தொட்டுத் தடவிப் போட்டால், சர்க்கரை மிகுந்த அதன் மேற்பரப்பு இரண்டு நிமிடத்தில் சிவந்து முறுகுகிறது, உள்ளே மென்மை மாறுவதில்லை. வெண்ணெய்க் கேக்கை அதே கல்லில் போட்டால் நெய்யோடு தன் வெண்ணெயையும் கசியவிட்டு உதிர்கிறது, ஸ்பாஞ்ச் ரஸ்க்காகிறது.